நாவல் பட்டியலில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான, 'அவசியம் படிக்க வேண்டிய ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை நாவல்கள்' பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். அதில் இருக்கும் நூல்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெரும்பாலானவை நல்ல நூல்கள்தான். ஆனால் நூலின் பெயர், ஆசிரியரின் பெயர், 'விருது பெற்றது' என்று ஒரு வரி. இதை மட்டும் நம்பி ஒருவர் எழுநூறு பக்கத்துக்குள் இறங்கிவிட முடியாது. மற்ற நாவல்களைவிட இவற்றில் தேர்வு தப்பினால் இழப்பு அதிகம். புத்தகம் தடிமன், பாதிக்கு மேல் ஏதோ ஒரு தொடரின் துண்டு, முதல் ஐம்பது பக்கம் புது உலகத்தோடு பழகுவதிலேயே கழிந்துவிடும். எல்லாத் துறையிலும் தொண்ணூறு சதவீதம் குப்பைதான் என்று இந்தத் துறையின் எழுத்தாளரான தியடோர் ஸ்டர்ஜனே சொல்லிவிட்டுப் போனார். மீதிப் பத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு அரைமணி நேரமும் கொஞ்சம் சந்தேகபுத்தியும் போதும்.

விருதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பட்டியல் முழுக்க அதை நம்பியே நிற்கிறது. விருது என்றால் யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். 1953இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஹியூகோ, உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தருவது. கட்டணம் கட்டினால் யாரும் உறுப்பினர் ஆகலாம். ஆகவே அது ஆர்வலர்களின் விருது. நெபுலாவுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள்: 1965இல் அமெரிக்காவில் தொடங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். லோகஸ் விருது, அதே பெயருள்ள இதழ் நடத்தும் வாசகர் வாக்கெடுப்பு. பிரிட்டனின் ஆர்தர் சி. கிளார்க் விருதையும் வேர்ல்ட் ஃபேன்டஸி விருதையும் முடிவு செய்வது சிறிய நடுவர் குழு. இந்த வேறுபாடு நூலின் குணத்திலும் தெரியும். பலர் வாக்களித்த நூல் பெரும்பாலும் ஓட்டமாகப் படிக்க வரும். நடுவர் குழு தேர்ந்த நூல் விசித்திரமாகவோ கடினமாகவோ, அறிவியல் புனைகதை என்ற அடையாளமே வேண்டாம் என்பதாகவோ இருக்கலாம். 1987இல் முதல் கிளார்க் விருது மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலுக்குப் போனதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். விண்கலச் சண்டை வேண்டுபவர் கிளார்க் பட்டியலைக் கையில் எடுத்தால் ஏமாந்துபோவார். குற்றம் நூலின் மேல் இல்லை.

ஆண்டுக் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. ஹியூகோவுக்கு விருது வழங்கிய ஆண்டைக் குறிப்பிடுவது வழக்கம். நெபுலாவுக்குப் பெரும்பாலும் நூல் வெளியான ஆண்டை. அதனால் உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' ஓரிடத்தில் 1969 என்றும் இன்னோரிடத்தில் 1970 என்றும் இருக்கும். இரண்டும் சரியே.

விருது கிடைத்தது என்பதைப் போலவே, கிடைக்கவில்லை என்பதும் பல நேரம் நூலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஹியூகோ வாக்குச்சீட்டில் 'யாருக்கும் இல்லை' என்றும் ஒரு தேர்வு உண்டு. 2015இல் ஒரு கும்பல் திட்டமிட்டுப் பரிந்துரைப் பட்டியலை நிரப்பியதால் கோபமடைந்த வாக்காளர்கள் ஐந்து பிரிவுகளில் அதையே வெல்ல வைத்தார்கள். 2023இல் நடந்தது இன்னும் மோசம்: நெபுலா வென்றிருந்த ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்', காரணம் சொல்லப்படாமலேயே ஹியூகோவுக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கப்பட்டது அடுத்த ஆண்டு புள்ளிவிவரங்கள் வெளியானபோதுதான் தெரிந்தது. எனவே வென்ற ஒரே நூலைவிட, இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தாறு நூல்களின் பட்டியலைப் பார்ப்பது பயன் தரும். வெவ்வேறு ஆட்கள் கொடுக்கும் இரண்டு விருதுகளின் இறுதிச் சுற்றில் ஒரு நாவல் இருந்தால், அதாவது ஆர்வலர்களும் நடுவர்களும் ஒரே நூலைத் தொட்டிருந்தால், அதை நம்பிக் கையில் எடுக்கலாம்.

இணையத்தில் வாசகர்கள் தரும் நட்சத்திர மதிப்பீடுகளில் பலர் கவனிக்காத ஒரு வில்லங்கம்: தொடர் நாவல்களில் பின்வரும் தொகுதிகளின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். ஐந்தாம் தொகுதி முதல் தொகுதியைவிட நன்றாக இருப்பதால் அல்ல. பிடிக்காதவர்கள் முதல் தொகுதியோடு இறங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் பக்தர்கள். ஆகவே தொடரை எடைபோட முதல் தொகுதியின் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதில் ஐந்தாறு படித்தால் போதும். 'உலகம் அருமை, ஆட்கள் மரப்பாச்சி', 'நடுவில் இருநூறு பக்கம் நடந்துகொண்டே இருக்கிறார்கள்' என்று உருப்படியான தகவல் கிடைப்பது அங்கேதான். ஒரே குறை மூன்று பேர் வாயிலிருந்து வந்தால் அது உண்மை. அந்தக் குறை உங்களைத் தொந்தரவு செய்யுமா என்பது வேறு விஷயம்.

அடுத்தது தொடர்ச்சிக் கதை. அட்டையில் 'முதல் பாகம்' என்று எல்லாப் பதிப்பாளரும் போடுவதில்லை. சிலர் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்றுகூடத் தோன்றும். பதிப்புரிமைப் பக்கத்தையும் 'இதே ஆசிரியரின் பிற நூல்கள்' பக்கத்தையும் புரட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். தொடர்களில் வகை உண்டு. ஒரே கதையை வெட்டித் தொகுதிகளாக்கியது ஒன்று. 1954-55இல் மூன்று தொகுதிகளாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அப்படித்தான். முதல் தொகுதியோடு நிறுத்தினால் கதையே முடிவதில்லை. ஒரே உலகத்தில் தனித்தனிக் கதைகள் நடப்பது இன்னொன்று. டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 41 நாவல்கள், எங்கிருந்தும் தொடங்கலாம். சொல்லப்போனால் முதல் நாவலில் தொடங்காமல் இருப்பதே நல்லது. முதல் இரண்டும் அந்தக் காலத்து ஃபேன்டஸியைக் கேலி செய்பவை, ஆசிரியரின் கை இன்னும் படியவில்லை. 'மோர்ட்' அல்லது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' சரியான வாசல். 'வரிசையாகப் படி' என்ற பொது அறிவுரை இங்கே வாசகரைத் துரத்திவிடும்.

முடியாத தொடர் என்ற ஆபத்தும் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் ஐந்தாம் தொகுதி 2011இல் வந்தது. ஆறாவதுக்கு வாசகர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். 'தி வீல் ஆஃப் டைம்' ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று தொகுதிகளை எழுதி, 2013இல் பதினான்காம் தொகுதியோடு கதையை முடித்தார். முடியாத தொடரைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் ஏதாவது ஒன்றை முடித்துவைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹியூகோ வென்ற 'ஹைப்பீரியன்' (1989) முடித்துவைப்பதில்லை: யாத்ரீகர்கள் ஒவ்வொருவராகக் கதை சொல்லிக்கொண்டே போய், சேர வேண்டிய இடத்தின் வாசலில் நாவல் நின்றுவிடும். மறுபாதி அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் நூலில். இது தெரிந்து எடுத்தால் அற்புதமான நூல்; தெரியாமல் எடுத்தால் கடைசிப் பக்கத்தில் எரிச்சல்.

இவ்வளவும் நூலைத் திறக்காமலே செய்யக்கூடியவை. இனித் திறக்க வேண்டும். மின்நூல் என்றால் இலவச முன்னோட்டமே போதும். நூலகத்தில் என்றால் நின்றபடியே பார்க்கலாம்.

முதல் பத்துப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். புதிய பெயர்களும் புதிய சொற்களும் எப்படி வருகின்றன என்று கவனியுங்கள். நல்ல ஆசிரியர் ஒரு புதுப்பொருளைக் கதைமாந்தரின் கையில் கொடுத்துப் பயன்படுத்த வைப்பார். அது என்ன என்பது நமக்குத் தானாக விளங்கும். 'டியூன்' நாவலின் பின்பகுதியில் பெரிய சொல்லகராதியே இருக்கிறது. ஆனாலும் முதல் அத்தியாயத்துக்கு அது தேவையில்லை: சிறுவன் ஒரு பெட்டிக்குள் கையை விடுகிறான், கழுத்தருகே நஞ்சு தோய்ந்த ஊசி, கையை எடுத்தால் சாவு. அந்த ஊசியின் பெயர் எவ்வளவு அந்நியமாக இருந்தால் என்ன? பலவீனமான நாவலில் முதல் பக்கத்திலேயே ஏழு அரசகுலம், நாலு கடவுள், ஆயிரமாண்டுப் போர் ஒன்று. யாரும் இன்னும் எதையும் செய்யத் தொடங்கியிருக்க மாட்டார்கள். இன்னொரு கெட்ட அறிகுறி, இருவருக்கும் நன்றாகத் தெரிந்ததை ஒருவர் மற்றவருக்கு விளக்குவது. 'உனக்குத்தான் தெரியுமே, நம் கப்பல் எதிர்ப்பொருளில் ஓடுகிறது' என்று ஒரு பொறியாளர் இன்னொரு பொறியாளரிடம் சொன்னால், அவர் பேசுவது அவரிடம் அல்ல, உங்களிடம்.

பிறகு நடுவில், நாற்பது சதவீதம் தாண்டிய இடத்தில், இரண்டு பக்கம். இது முக்கியம். முதல் அத்தியாயத்தைப் பதிப்பாளர் பார்ப்பார், வாங்குபவர் பார்ப்பார். அதனால் எல்லோரும் அதை இழைத்து இழைத்து வைத்திருப்பார்கள். நடுப்பகுதிதான் ஆசிரியரின் அன்றாட உரைநடை. அங்கே ஆட்கள் ஏதோ ஒன்றை விரும்பி, அது கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தால் நாவல் உயிரோடு இருக்கிறது. ஆசிரியர் இன்னும் வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தால் மூடிவிடலாம். கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்க்காதீர்கள்; அதனால் எந்தத் தகவலும் கிடைக்காது, இழப்பு மட்டும் உண்டு.

ஆனால் நடை நன்றாக இருந்தாலே இந்த வகையில் போதாது. நாவல் புதிதாகக் கற்பித்த அந்த ஒன்று, அது மந்திரமோ இயந்திரமோ வேற்றுக்கோளோ, கதையைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 1950 அக்டோபரில் வெளிவந்த 'கேலக்ஸி' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் முதல் இதழ், தன் பின்னட்டையில் இரண்டு பத்திகளை அருகருகே அச்சிட்டது. ஒன்றில் குதிரைவீரன், மற்றதில் விண்வெளி வீரன். குதிரைக்குப் பதில் ராக்கெட் என்று மாற்றியதைத் தவிர இரண்டும் ஒரே கதை. இப்படிப்பட்ட கதையை எங்களிடம் பார்க்க மாட்டீர்கள் என்பது அந்த விளம்பரத்தின் பொருள். அந்தச் சோதனை இன்றும் செல்லும். கற்பித்த பொருளைக் கதையிலிருந்து உருவிவிட்டுப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அது அலங்காரம்.

'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' இதற்கு எதிர்ப்புறம். கதை நடக்கும் கோளின் மனிதர்களுக்கு நிலையான ஆண், பெண் பால் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஏதாவது ஒன்றாக மாறுவார்கள். யாரும் கருவுறலாம், அரசரும்கூட. இந்த ஒன்றிலிருந்து அவர்களின் வாரிசுமுறை, வேலைக்கு விடுப்பு, நட்பு, அங்கே பெரும்போர் என்பதே நடந்திராதது என்று எல்லாம் கிளைக்கின்றன. அதை உருவினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மந்திரம் வரும் நாவல் என்றால் இரண்டு கேள்வி. மந்திரம் போடுபவர் எதை இழக்கிறார்? அதே மந்திரத்தை ஊரில் மற்றவர்கள் ஏன் பயன்படுத்தவில்லை? காயத்தை நொடியில் ஆற்றும் மந்திரம் எந்த இழப்பும் இல்லாமல் கிடைத்தால், அடுத்த முந்நூறு பக்கத்தில் வரும் எந்த வாள்வீச்சுக்கும் நாம் பதற மாட்டோம். மந்திரத்தால் சிக்கலை நிறைவாகத் தீர்க்க வேண்டுமென்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே அந்த அளவுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று சாண்டர்சன் ஒரு விதி வைத்திருக்கிறார். கறாரான விதி என்றாலும் பயனுள்ளது. கடைசி அத்தியாயத்தில் திடீரென முளைக்கும் சக்தியால் வில்லன் சாகும் நாவல்களை அது வடிகட்டிவிடும். இதற்காக மந்திரத்துக்கெல்லாம் அட்டவணை போட வேண்டும் என்பதில்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'இல் மந்திரம் விளக்கப்படுவதே இல்லை. ஆனால் அங்கே சிக்கல் மந்திரத்தால் தீர்வதும் இல்லை.

சின்னச் சின்ன இடங்களில் ஆசிரியரின் அக்கறை பிடிபடும். டயானா வின் ஜோன்ஸ் 1996இல் ஃபேன்டஸி உலகத்துக்கு ஒரு பரிகாசச் சுற்றுலாக் கையேடு எழுதினார். அங்கே குதிரைகள் களைப்பதே இல்லை. நாள் முழுக்க நாலுகால் பாய்ச்சலில் ஓடும். அறிவியல் புனைகதையில் இதற்குச் சமமானது, பூமியிலிருந்து செவ்வாய்க்குத் தொலைபேசியில் பேசுவதுபோல் பேசுவது. கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஒளி அங்கே போகவே சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர அதே அளவு. ஒளியை முந்தும் கருவி இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் சரி. லெ குவின் 1966இலேயே அப்படி ஒன்றைக் கற்பித்தார், பிறகு பலர் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். சொல்லாமலே விட்டால் அவர் யோசிக்கவில்லை என்று பொருள். குதிரையையும் தூரத்தையும் யோசிக்காதவர், அரசியலையும் துயரத்தையும் யோசித்திருப்பார் என்று நம்புவது கடினம்.

பழைய நூல்களை அறிவியல் காலாவதியானதற்காகத் தள்ள வேண்டாம். 1898இல் வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாயில் உயிர்கள் இருப்பதால் அது கெட்டுப்போய்விடவில்லை. உண்மையில் மூப்படைவது மனிதர்களைப் பற்றிய பார்வை. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' முதல் நூலில் பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தவிர, அதன் பெரும்பகுதி 1940களில் இதழில் தனித்தனிக் கதைகளாக வந்து 1951இல் நூலானது. அதனால் ஒரு நாயகனைத் தேடிப் படிப்பவர் பகுதிகள் நகர நகர ஆள் மாறுவதைக் கண்டு சலித்துப்போவார். இதழில் பிறந்தது என்று முன்பே தெரிந்தால் அப்படியே படிக்கலாம், பகுதிக்குப் பகுதி இடைவெளி விட்டு. நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் ஆனந்த விகடனில் தொடராக வந்ததுதான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி இருப்பதன் காரணம் அது.

மொழிபெயர்ப்பு நூல்களில் எந்தப் பதிப்பு என்பது நூலையே மாற்றிவிடும். ஸ்டானிஸ்லாவ் லெம் போலிஷ் மொழியில் எழுதிய 'சோலாரிஸ்' (1961) ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக 1970இல் வந்தது. போலிஷிலிருந்து நேரடியாக பில் ஜான்ஸ்டன் மொழிபெயர்த்தது 2011இல்தான் கிடைத்தது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' சோவியத் தணிக்கையில் சிக்கியது; தணிக்கை நீக்கிய மூலத்திலிருந்து வந்தது 2012 ஆங்கிலப் பதிப்பு. ஜூல்ஸ் வெர்னின் கடலடிப் பயணக் கதையை 1870களில் ஆங்கிலப்படுத்தியவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, அதிலும் குறிப்பாக அறிவியல் விவரங்களை, வெட்டிவிட்டார். காப்புரிமை முடிந்ததால் மலிவுப் பதிப்புகளில் இன்றும் பெரும்பாலும் அதுவே சுற்றுகிறது. வெர்ன் சின்னப்பிள்ளைக் கதைக்காரர் என்ற அவப்பெயரில் பாதிப் பங்கு அந்த வெட்டுக்கு உண்டு. ஆகவே அட்டைக்கு முன் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். பெயரே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

தடித்த நாவலில் இறங்கத் தயக்கமா? அதே ஆசிரியரின் சிறியதை முதலில் படிக்கலாம். ஹியூகோ, நெபுலா கணக்கில் 40,000 சொல்லுக்கு மேல் போனால் நாவல். 17,500 முதல் 40,000 வரை குறுநாவல். இந்தத் துறையின் சிறந்த எழுத்தில் கணிசமான பங்கு குறுநாவல்களிலேயே இருக்கிறது. சில நாவல்கள் சிறுகதையாகவே பிறந்தவை: 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜர்னான்' 1959இல் சிறுகதை, 1966இல் நாவல். சிறுகதையே போதும் என்று சொல்பவர்கள் பலர். நானும் அந்தக் கட்சி.

எப்போது கைவிடுவது? நூலகரான நான்சி பெர்ல் சொன்ன கணக்கு பிரபலம்: ஐம்பது வயது வரை ஐம்பது பக்கம், அதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிஞ்சும் அத்தனை பக்கம். சாதாரண நாவலுக்கு அருமையான விதி. எண்ணூறு பக்க ஃபேன்டஸிக்கு ஐம்பது பக்கம் குறைவு. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை கொடுங்கள். ஆனால் புரியாததையும் பிடிக்காததையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புரியவில்லை, ஆனால் அடுத்து என்ன என்று அறியத் தோன்றுகிறது என்றால் தொடருங்கள். புதிர்போல எழுதும் ஜீன் உல்ஃப் போன்றவர்களை முதல் வாசிப்பில் முழுக்கப் புரிந்துகொள்பவர் யாரும் இல்லை. எல்லாம் புரிகிறது, அடுத்து என்ன வந்தாலும் கவலையில்லை என்றால் அந்த இடத்திலேயே மூடிவிடலாம், அது எத்தனை விருது வாங்கியிருந்தாலும்.

எனவே தங்கள் இணைப்புக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு வரி கூடுதலாக ஒதுக்குங்கள்: முதலில் வெளியான ஆண்டு, தனி நாவலா தொடரா, தொடர் என்றால் எத்தனையாவது, முடிந்துவிட்டதா, மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து, யார் செய்தது, விருது என்றால் எந்த ஆண்டு, எந்தப் பிரிவில். இடம் போதாவிட்டால் 'பிரமிப்பூட்டும் காவியம்' போன்ற வர்ணனைகளை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்